பரணில் ஒரு பழைய பந்து

மார்கழி பாதி கழிந்துவிட்டால் வீட்டு எஜமானிகளுக்குப் பரண் ஞாபகம் வந்துவிடும். போகிக்குள் ஒட்டடை அடித்தாக வேண்டும்; வேண்டாத சாமான்களைக் கழித்துக் கட்டவும் வேண்டும். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு ஏணி மேல் ஏறினால் ஓட்டை அண்டா, கை உடைந்த கொலு பொம்மை, 'இருக்கட்டும், எதற்காவது உதவும்' என்று என்றோ எடுத்து வைத்த மரப்பெட்டி எல்லாம் வரிசையாக வரும். அவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு கித்தான் பை. அவிழ்த்தால் குப்பென்று ஒரு வாடை. உள்ளே மாமனார் காலேஜில் படித்த காலத்துக் கிரிக்கெட் பேடு ஒரு ஜோடி, விக்கெட் கீப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி, கறுத்துப்போன பந்து ஒன்று, காற்றுப் போய்ச் சப்பையான கால்பந்து ஒன்று. அத்தனையும் தோல். அத்தனையின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

இந்தப் பைக்கு வழக்கமாக மூன்று கதிகளில் ஒன்று நேரும். குப்பைக்குப் போகலாம். அல்லது சோப்புப் போட்டுத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப் போடப்படலாம். அல்லது, 'பாவம், வறண்டு போயிருக்கிறதே' என்று அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெயில் முழுக்காட்டப்படலாம். முதலாவது அலட்சியத்தால் வருவது. மற்ற இரண்டும் அன்பினால் வருபவை. ஆனால் தோலைப் பொறுத்தவரை அலட்சியத்தைவிட அன்புதான் அதிகம் கெடுத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

முதலில் ஒரு வார்த்தை. எதைக் கழித்தாலும் தோல் சாமானைப் போகி நெருப்பில் மட்டும் போடாதீர்கள். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் எரியும்போது உண்டாகும் புகையும் சாம்பலும் உடம்புக்கு ஆகாதவை.

தோலைத் துடைக்கத் துணியை எடுப்பதற்கு முன்னால், அது எப்படித் தோலாயிற்று என்று தெரிந்துகொள்வது நல்லது. பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும், காய்ந்தால் கட்டையாகிவிடும். அது அழுகாமலும் கட்டையாகாமலும் இருக்கச் செய்யும் காரியம்தான் பதனிடுதல். தமிழ்நாட்டில் இதற்குத் தொன்றுதொட்டு உதவி வந்தவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆமாம், 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பாட்டி சொல்வாளே, அதே ஆவாரைதான்! அந்தப் பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு கட்டிப் பிடித்துக்கொள்கிறது. வாழைப்பூவை ஆய்ந்த விரலில் கறை ஏறிப் போகாமல் அடம் பிடிக்கிறதல்லவா? அதுவும் இந்தத் துவர்ப்பின் வேலைதான். இப்படிப் பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். தினமும் அந்த ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! தோலைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு பெரிய ஸ்தாபனம், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 1948-லிருந்து அடையாற்றில் இருக்கிறது.

பட்டை, குரோமியம் இரண்டும் போக மூன்றாவது ஒன்றும் உண்டு: படிகாரம். க்ஷவரக் கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரந்தான். படிகாரத் தோல் வெள்ளை வெளேரென்று இருக்கும். சாயம் அழகாகப் பிடிக்கும். இந்தியாவில் செய்யும் கிரிக்கெட் பந்துகள் பெரும்பாலும் இந்தத் தோலுக்குச் சிவப்பூட்டிச் செய்தவையே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

உங்கள் கையிலிருப்பது எந்த வகை? வெட்டுப்பட்ட ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியம். உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். கண்ணில் படாத ஒரு மூலையில் ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். பட்டைத் தோல் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிக் கறுக்கும். பழைய பேடு வார்கள், கால்பந்து, குத்துச்சண்டை கிளவுஸ் முதலியவற்றில் பட்டைத் தோலையே நிறையக் காணலாம்.

இப்போது பூசணத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அப்பளம் நமுத்துப் போவதுபோல் தோலும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 65, 70 என்று ஏறிவிட்டால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஆனால் தோலின் மேல் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூசணமாகிவிடாது. என்றோ யாரோ தடவிய கொழுப்பு உள்ளிருந்து மேலே வந்து உறைந்து வெள்ளை பூத்திருக்கவும் கூடும். கூந்தல் உலர்த்தும் டிரையர் இருந்தால், குறைந்த சூட்டில் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சில விநாடி காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாமல் பஞ்சு பஞ்சாக நின்றால் பூசணம்.

பூசணமானால் உடனே வெளியே கொண்டுபோய்விடுங்கள். கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தட்டினால் வீடு முழுவதும் பூசண விதை பரவும். வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2020-க்குப் பிறகு முகமூடி இல்லாத வீடு ஏது? ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். மழையில்லாத காய்ந்த நாளாகப் பார்த்து, மாடியில் நிழலான இடத்தில், மெல்லிய பிரஷ்ஷினால் காற்று வீசும் திசையில் தள்ளுங்கள். க்ஷவர பிரஷ்ஷோ, பெயின்ட் அடிக்கும் புது பிரஷ்ஷோ போதும். பிறகு காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் இருக்கட்டும். வெயில் வேண்டாம். வெயில் பூசணத்தை அடக்கும், உண்மைதான். கூடவே தோலையும் சுருட்டிவிடும். ஈரத் தோலுக்குச் சூடுதான் ஜன்மப் பகை. பட்டைத் தோல் புதிதாக இருக்கும்போதே ஈரத்தோடு 70, 80 டிகிரி சூடு பட்டால் சுருண்டுவிடும். பழைய, நைந்த தோல் அதற்கு வெகு குறைவான சூட்டிலேயே சுருண்டுபோகும். அப்படிச் சுருண்டதை எந்த எண்ணெயாலும் நீட்ட முடியாது.

தோலில் சிறு சிறு துளைகளோ, பக்கத்தில் மெல்லிய தூளோ தெரிந்தால் வண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பேடுக்குள் பஞ்சும் பிரம்பும், குத்துச்சண்டை கிளவுஸுக்குள் குதிரை ரோமமும் அடைத்திருப்பார்கள். வண்டுக்கு அது விருந்து. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் புழு, முட்டை எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தோல் மேல் நீர் கோத்துக்கொள்ளும். 'என்னது! மாட்டுத் தோலை ஃப்ரிஜ்ஜில் வைக்கிறதா?' என்று உங்கள் மாமியார் கேட்பது இங்கே என் காதில் விழுகிறது. கூடத்தில் பட்டுறை போட்டு வைத்திருக்கும் மிருதங்கத்தையும், சரஸ்வதி பூஜையன்று நாம் அதற்கு இடும் சந்தனப் பொட்டையும் அவருக்கு மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். தோலுக்குத் தீட்டு என்பது நாம் வேண்டும்போது கட்டி, வேண்டாதபோது அவிழ்த்துக்கொள்ளும் முடிச்சுதான். அந்தத் தோலைப் பதனிட்டுக் கொடுத்தவர்களை நாம் எட்ட நிறுத்திய கதை வேறு. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

பூசணம் போனதும் துடைக்கலாம். இங்கேதான் கை துறுதுறுக்கும். முதலில் உலர்ந்த துணி. அடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரைத் துருவித் தூளாக்கி அழுக்கின் மேல் மெல்ல உருட்டுங்கள்; பாதி அழுக்கு அதிலேயே வந்துவிடும். பிறகும் போகாவிட்டால் வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சொட்டு விழாமல் இறுகப் பிழிந்து, ஓரிடத்தில் அழுத்தித் தேய்க்காமல் முழுவதும் ஒரே சீராகத் துடையுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஈரம் பட்டால் அங்கே வட்டமாகக் கறை கட்டிவிடும். குதிரைச் சேணத்துக்கென்று விற்கும் சோப்பு இருந்தால் அதன் நுரையை மட்டும் துணியில் தொட்டுக்கொள்ளலாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணி சோப்புத் தூளும் கூடவே கூடாது. தோல் இயல்பில் சற்றுப் புளிப்பானது, இவையோ காரம். புளிப்பும் காரமும் சேர்ந்தால் ரசம் நன்றாயிருக்கும், தோல் நன்றாயிராது.

பித்தளை வளையம், கொக்கி இருக்கும் இடத்தில் பச்சையாக மெழுகுபோல் ஒன்று திரண்டிருக்கும். தோலிலுள்ள கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டாவது அது. அதற்குத் தண்ணீர் வேண்டாம். தென்னை ஈர்க்குச்சியைச் சீவி அதனால் சுரண்டி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இரும்பு ஆணி பட்ட இடத்தில் நீலம் கலந்த கறுப்புக் கறை இருந்தால் விட்டுவிடுங்கள். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அந்த மைதான் அங்கே தோலுக்குள்ளேயே காய்ச்சப்பட்டிருக்கிறது. எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகும் என்பார்கள். கறை போகலாம்; அங்கிருக்கும் தோலும் சேர்ந்தே போகும்.

விக்கெட் கீப்பர் கிளவுஸுக்குள் மெல்லிய மஞ்சள் உள்ளுறை ஒன்று இருந்தால் அது ஷாமி தோலாயிருக்கலாம். மீனெண்ணெயில் பதனிட்ட அது ஒன்றுதான் துவைக்கக் கூடியது. வெதுவெதுப்பான நீரில் மெல்லிய சோப்பால் கசக்கி, சோப்பு முழுவதும் போகாமல் கொஞ்சம் மிச்சம் வைத்து நிழலில் காயப் போட்டு, பாதி காய்ந்ததும் கையால் இழுத்துத் தேய்த்தால் மிருதுவாக வரும். முழுவதும் அலசிவிட்டால் அப்பளம்தான்.

இனி எண்ணெய். இதில் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது; பெரும்பாலும் தவறான அபிப்பிராயம். தேங்காய் எண்ணெய் முதலில் பளபளக்கும். நாளாக ஆகக் காறல் வாடை வீசும். நல்லெண்ணெய் பிசுபிசுத்துத் தூசியை வாவென்று அழைக்கும். எல்லாவற்றிலும் கொடியது ஆளிவிதை எண்ணெய். கிரிக்கெட் மட்டைக்குத் தடவ அந்தப் புட்டி அதே பையில் இருக்கும். 'மட்டைக்கு ஆவது கிளவுஸுக்கு ஆகாதா?' என்று கை போய்விடும். அதுதான் ஆகாது! காற்றுப் பட்டதும் வார்னிஷ்போல் காய்ந்து இறுகுவது ஆளிவிதை எண்ணெயின் குணம். மட்டையின் மரத்துக்கு அது பலம். தோலுக்கு அதுவே விறைப்பு.

எங்கள் தெருமுனையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் ஒரு நாள் இதைப் பற்றிக் கேட்டேன். "விளக்கெண்ணெய் தொட்டுப் போடும்மா. தொட்டுதான் போடணும், ஊத்தக் கூடாது. தோலு குடிக்கிற அளவுதான் குடுக்கணும். நேத்து வரைக்கும் பட்டினி கெடந்தவனுக்கு இன்னிக்கே கல்யாணச் சாப்பாடு போட்டா என்ன ஆவும்?" என்றார். அவர் சொன்னது வெகு சரி. விளக்கெண்ணெய் காய்ந்து இறுகாத வகை. செருப்புக் கடைகளில் கிடைக்கும், கம்பளி ஆட்டின் ரோமத்துக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த நிறமற்ற பசையும் நல்லதே. எதுவானாலும் விரல் நுனியால் தொட்டு, கைச் சூட்டில் இளக்கி, மறைவான இடத்தில் முதலில் தடவி ஒரு நாள் காத்திருந்து பாருங்கள். நிறம் அதிகம் கறுக்காவிட்டால் மேலே போகலாம். மெல்லிய பூச்சாக ஒரு தரம். அடுத்த நாள் மிச்சத்தைத் துடைத்துவிட்டு மடிப்பு விழும் இடங்களை மெதுவாக அசைத்துப் பாருங்கள். இன்னும் வறட்சியாயிருந்தால் இரண்டாம் தரம். மூன்றாம் தரம் பெரும்பாலும் தேவைப்படாது. அதிகம் போன எண்ணெய் தையல் நூலை நனைத்து, உள்ளே அடைத்த பஞ்சைக் கட்டியாக்கிவிடும். பழுப்புத் தோலுக்குக் கறுப்பு பூட்ஸ் பாலிஷ் போட்டுப் 'புதுசு மாதிரி' ஆக்கும் வேலை வேண்டவே வேண்டாம். சட்டைக்கு ஒட்டும், தோலின் வயதும் தெரியாமற் போய்விடும்.

காட்சிசாலைகளில் பழந்தோலைப் பேணுகிறவர்கள் இப்போது எண்ணெயே வேண்டாம் என்கிறார்கள். கையாளாமல் கண்ணாடிக்குள் வைக்கும் பொருளுக்கு அது சரிதான். நம் வீட்டிலோ பேரன் கையில் போட்டுப் பார்க்காமல் விடமாட்டான். ஆகவே கொஞ்சம் இளக்கம் வேண்டியிருக்கிறது.

ஒரு வகைத் தோலுக்கு மட்டும் எண்ணெயைக் காட்டவே காட்டாதீர்கள். தொட்டால் செம்பழுப்புத் தூள் விரலில் குங்குமம்போல் ஒட்டும். புளித்த வாடை வரும். ஒரு சொட்டு நீர் பட்டதும் கன்னங்கரேல் என்று ஆகும். பட்டைத் தோல் நகரத்துக் காற்றிலுள்ள கந்தகப் புகையை வருஷக்கணக்காகக் குடித்து, உள்ளே அமிலமாகி, நார் அறுந்து வரும் வியாதி இது. செவ்வழுகல் என்று சொல்லலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை. மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் தனியே வையுங்கள். தடவிக் கொடுக்கவும் வேண்டாம்.

கிரிக்கெட் பந்துக்கு வருவோம். படிகாரத் தோல் என்றேனல்லவா? படிகாரம் தண்ணீரில் கரையும். பந்தை நனைத்துத் துடைத்தால் பதனிட்ட சரக்கே கரைந்து வெளியேறி, தோல் காய்ந்ததும் கொம்புபோல் கெட்டிப்படும். ஆகையால் பழைய கிரிக்கெட் பந்துக்கு நீரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். தையல் இடுக்கில் பிரஷ், மற்ற இடத்தில் உலர்ந்த மெல்லிய துணி, அவ்வளவுதான். அதன் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் அது அழுக்கல்ல. ஒரு பந்து வீச்சாளர் மணிக்கணக்காகக் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய வித்தியாசம் அது. பந்து காற்றில் வளைவதே அதனால்தான். அதை நீங்கள் சமமாக்கிவிட்டால் அன்றைய ஆட்டத்தையே துடைத்துவிட்டதாக ஆகும்.

பந்தில் கையெழுத்து இருந்தால் அதை யாரும் தொடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு வீடு, திருவல்லிக்கேணியில். சேப்பாக்கம் மைதானத்தின் ஆரவாரம் மாடிக்குக் கேட்கும் தூரம். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்தின் மேல் கண்டதே, வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தாரே, அந்த ஆட்டத்துக்குச் சிறுவனாகப் போய்வந்தவர் அந்த வீட்டுத் தாத்தா. பிற்காலத்தில் ஓர் ஆட்டக்காரர் அவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பந்து ஒன்று அலமாரியில் இருந்தது. தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு முந்தின நாள், அவரை அசத்த வேண்டும் என்று பேத்தி அதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சினால் துடைத்தாள். அழுக்குப் போயிற்று, பால்பாயின்ட் மையும் போயிற்று. மறுநாள் தாத்தா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நன்னா பளபளன்னு இருக்கும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்தது ஒரு வாரம் கழித்து. அதுவும் பாட்டி சொல்லித்தான்.

பேனா மை தண்ணீரில் கரையும். பால்பாயின்ட் மை ஸ்பிரிட்டிலும் எண்ணெயிலும் கரையும். எல்லா மையும் வெளிச்சத்தில் வெளுக்கும். ஆகவே கையெழுத்துப் பந்தைச் சுத்தம் செய்ய வேண்டாம். கூடத்து ஜன்னலுக்கு எதிரே கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும் வேண்டாம். உள் அலமாரியில் இருக்கட்டும். உறவினர் வந்தால் எடுத்துக் காட்டலாம்.

கால்பந்து சப்பையாகக் கிடந்தால் எடுத்தவுடன் பம்பைத் தேடாதீர்கள். 1930-ல் முதல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் யாருடைய பந்தால் ஆடுவது என்று அர்ஜென்டினாவும் உருகுவேயும் சச்சரவிட்டு, முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு ஒன்று என்று ஆடினார்களே, அந்தக் காலத்துப் பந்துகளெல்லாம் வாயில் தோல் கயிறு கோத்துக் கட்டியவை. உள்ளே ரப்பர்ப் பை. 1937-லிருந்து விதிப்படி எடை 14 முதல் 16 அவுன்ஸ்; ஆனால் மழையில் நனைந்தால் தோல் நீரைக் குடித்துக் கனத்துவிடும். அப்படிப்பட்ட பந்தைத்தான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலால் உதைத்தார்கள். 1986-ல்தான் உலகக் கோப்பைப் பந்து முழுக்கச் செயற்கைத் தோலாயிற்று. பரணிலிருக்கும் உங்கள் பந்தின் தோல் மடிந்தபடியே இறுகியிருக்கும். அதைத் துடைத்து, மடிப்புகளில் விளக்கெண்ணெயை மிக மெல்லியதாகத் தொட்டு, ஒரு வாரம் விடுங்கள். பிறகு கயிற்றைத் தளர்த்தி, பழைய ரப்பர்ப் பை கெட்டுப்போயிருந்தால் வெளியே எடுத்துவிட்டு, வெள்ளைத் தாளையோ பஞ்சையோ தினம் கொஞ்சமாக அடைத்து வாருங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பத்துப் பதினைந்து நாளில் பந்து தானே உருண்டு திரளும். ரப்பர் நன்றாயிருந்தால் காற்று அடிக்கலாம்; உருவம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். தையல் நூல் பழசு, இழுப்புத் தாங்காது.

பேடுகளின் வெள்ளையை நினைத்து மயங்காதீர்கள். அது வெள்ளைக் களிமண் கலந்த பூச்சு. உலர்ந்த துணியில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு போதும். வார் அறுந்திருந்தால் மேற்சொன்ன பெரியவரைப்போல் ஒருவரிடம் புது வார் போட்டுக்கொண்டு, பழைய வாரை ஓர் உறையில் போட்டுக் கூடவே வையுங்கள். பேரன் இவற்றைக் கட்டிக்கொண்டு போட்டோ பிடித்துக்கொள்ளட்டும். உண்மையான பந்துக்கு எதிரே நிற்க வேண்டாம். பஞ்சு இறுகிவிட்டது, அடி தாங்காது. வாடை போகாவிட்டால் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் மரக்கரித் துண்டுகளை வைத்து மூடிவிடுங்கள். கரி தோலின் மேல் படக் கூடாது.

எல்லாம் ஆனபின் மறுபடியும் பரணுக்குத் தூக்கிவிடாதீர்கள். ஓட்டுக்கும் தளத்துக்கும் அடியில் கோடையில் அடுப்புச் சூடு, மழையில் கிணற்று ஈரம். பிளாஸ்டிக் பையும் வேண்டாம்; அதற்குள் தோல் வியர்க்கும். பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரித் தட்டில் வையுங்கள். ஆடி மாதத்தில் ஒரு முறை, மழை விட்ட தை மாதத்தில் ஒரு முறை பிரித்துக் காற்றாட விட்டால் போதும்.

இன்னொரு காரியம். சமையலறைத் தராசில் அந்தக் கிரிக்கெட் பந்தை நிறுத்துப் பாருங்கள். தையல் அளக்கும் டேப்பால் சுற்றளவும் எடுங்கள். ஆண்கள் ஆடும் பந்து 156 முதல் 163 கிராம் வரை, சுற்றளவு 22.4 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பல்லாண்டுகளாக இருந்து வந்த விதி. பெண்கள் பந்துக்கு 140 முதல் 151 கிராம். சுற்றளவு 21 சென்டிமீட்டர் இருந்தாலும் போதும். பழசாகி உலர்ந்த பந்து கொஞ்சம் இளைத்திருக்கும் என்பதால் எடையை மட்டும் நம்பாதீர்கள். சுற்றளவையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் தோன்றியது 1973-ல். 1976 அக்டோபர் கடைசியில் பெங்களூரில், சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியின் தலைமையில் நம் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடினார்கள்; அடுத்த மாதமே பாட்னாவில் ஜெயித்தும் காட்டினார்கள். அந்த வருஷங்களில் காலேஜ் மைதானங்களில் ஆடிய பெண்கள் இன்று பாட்டிகள். 'மாமனார் பை' என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது மாமியாருடையதாகவும் இருக்கலாம்!

கேட்டுவிடுங்கள். ஞாபகமிருக்கும்போதே கேளுங்கள்: எந்த வருஷம், எந்த மைதானம், எதிரே ஆடியவர்கள் யார், அந்தக் கிளவுஸில் கிழிந்த இடம் எப்படிக் கிழிந்தது? சொன்னதை ஒரு சிறு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். மை தோலில் ஒட்டிக்கொள்ளும்.